சாடிக்குள் நானூறு ஆண்டுகள்

கிணற்றுக் கட்டின் வெடிப்பொன்றில் ஆலங்கன்று முளைத்திருந்தது. ஏதோ ஒரு பறவை இட்ட விதை. விட்டு வைத்தால் நாளை கிணற்றையே பிளந்துவிடும் என்று வேரோடு பிடுங்கினேன். பிடுங்கிய பின் எறிந்துவிட மனம் வரவில்லை. ஒரு மண்சட்டியில் நட்டு முற்றத்தில் வைத்தேன். போன்சாய் என்னும் கலையில் நான் எடுத்து வைத்த இரண்டாவது அடி அது.

முதலாவது அடி சறுக்கிவிட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், நீல நிறச் சாடியொன்றில் நின்ற ஊசியிலைக் கன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். அதை வரவேற்பறையிலே, புத்தக அலுமாரிக்கு மேலே, வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். நானும் நாளுக்கொரு தடவை கரண்டியால் நீர் வார்த்து வந்தேன். ஆறு வாரம் பசுமையாகவே நின்றது. ஒருநாள் தொட்டபோது இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஊசியிலை மரங்களிற் சில, உயிர் போன பின்னரும் பல வாரங்கள் நிறம் மாறாமல் நிற்கும் என்பதை அப்புறந்தான் அறிந்தேன். கடைசி நாட்களில் நான் நீர் வார்த்தது ஒரு பிணத்துக்கு.

தவறு எங்கே என்று தேடப் போனவன் வரலாற்றுக்குள் புகுந்துவிட்டேன். அங்கே கண்டவற்றுட் சிலவற்றையே நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுதல். தட்டிலே நட்டது, அவ்வளவுதான் பொருள். சொல் யப்பானியருடையது, ஆனால் அதனை எழுதும் எழுத்தும், அந்தக் கலையின் தொடக்கமும் சீனத்துக்குரியன. தாங் வம்சத்து இளவரசன் ஒருவனுக்காக 706 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கல்லறை, இன்றைய சியான் நகருக்கு அண்மையில் இருக்கிறது. அதன் சுவரோவியத்தில் ஏவலாளர் ஒருவர் தட்டொன்றை ஏந்தி நிற்கிறார். தட்டிலே சிறு கற்களும் செடிகளும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த ஆசை மனிதரைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அந்த ஓவியமே சாட்சி.

சீனத்திலிருந்து இக்கலை யப்பானுக்குச் சென்றதிலே பௌத்த துறவிகளுக்குப் பெரும் பங்குண்டு. மரத்தைப் பாத்திரத்தில் வைத்துக் கடல் கடத்துவது நம் நாட்டவர்க்குப் புதிய செய்தியன்று. அநுராதபுரத்து வெள்ளரசுக் கிளை பொற்பாத்திரத்தில் வந்த கதையை மகாவம்சம் சொல்கிறதல்லவா? யப்பானிலே 1309 ஆம் ஆண்டின் ‘கசுகா’ ஓவியச் சுருளில், வீட்டு முற்றத்துப் பலகை மீது தட்டு மரங்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். முற்றத்தில் என்பதைக் கவனியுங்கள். அவை அறைக்குள் இருக்கவில்லை. என் ஊசியிலைக் கன்றைக் கொன்றது எது என்பதற்கு எழுநூறு ஆண்டுப் பழைய படமொன்றிலே விடை இருந்தது. யப்பானியர் இம்மரங்களை வெயிலிலும் மழையிலும் வெளியே வளர்த்து, விருந்தினர் வரும்போது மட்டும் ஓரிரு நாள் உள்ளே கொணர்ந்து வைப்பர்.

விருந்தினர் என்றதும் ஒரு நாடகம் நினைவுக்கு வருகிறது. ‘ஹச்சி நோ கி’, அதாவது சாடி மரங்கள் என்னும் நோ நாடகம். பனி கொட்டும் இரவில் வழிப்போக்கத் துறவி ஒருவர் ஏழைக் குடிசையொன்றில் தங்க இடம் கேட்கிறார். குடிசைக்காரன் நிலபுலன்களைப் பறிகொடுத்த போர்வீரன். நல்ல காலத்தின் மிச்சமாக அவனிடம் இருப்பவை மூன்று சாடி மரங்கள் மட்டுமே: பிளம், செர்ரி, பைன். குளிரிலே நடுங்கும் துறவிக்கு அடுப்பு மூட்ட விறகில்லை. அவன் அந்த மூன்றையும் வெட்டி எரிக்கிறான். துறவியாக வந்தவர் நாட்டை ஆண்டு ஓய்ந்த ஹோஜோ தொக்கியோரி என்பது பின்னரே தெரிகிறது. இழந்த நிலத்தோடு, அம்மூன்று மரங்களின் பெயர் கொண்ட மூன்று ஊர்களும் அவனுக்குக் கிடைக்கின்றன.

பரிசு கிடைத்த பகுதி எனக்கு அவ்வளவு உவப்பில்லை. எல்லா நாட்டுக் கதைகளிலும் அரசர் இப்படித்தான் மாறுவேடத்தில் வருவார். வெட்டுவதற்கு முன் அவன் மரத்தின் மேலிருந்த பனியைத் தட்டி விடுகிறானே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

பின்னர் தொக்குகாவா ஆட்சியில், மூன்றாவது ஷோகுனாகிய இயெமித்சு சாடி மரங்களில் பெரும் பித்துக் கொண்டிருந்தார். அவர் பெயரால் வழங்கும் ஐந்தூசிப் பைன் ஒன்று டோக்கியோ அரண்மனையில் இன்றும் பேணப்படுகிறது. வயது ஐந்நூறுக்கு மேல் என்பர்.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். “சீனத்துப் பெண்களின் காலைக் கட்டிக் குறுக்கினார்களே, அது போலத்தான் இதுவும்” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவதில்லை. உரமும் நீரும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கொரு முறை தடித்த வேரை நறுக்கி மண்ணை மாற்றினால், புதிய மெல்லிய வேர்கள் விடும். கிளை நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகி, இலை சிறுக்கும். மரத்தின் இயல்போ விதையோ மாறுவதில்லை. அதன் விதையை நிலத்தில் இட்டால் நெடுமரமே வளரும். எனினும் நண்பரை நான் முற்றாக மறுக்கவில்லை. கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியை உரிய காலத்தில் கழற்ற மறந்தால் அது பட்டையைக் கடித்து ஆறாத வடுவாக்கிவிடும். கொடுமை என்று ஒன்று இருந்தால் அந்த மறதியில் இருக்கிறது.

1923 செப்டெம்பர் முதலாந் திகதி கந்தோ பூகம்பம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. அதைத் தொடர்ந்த தீ மிஞ்சியதையும் தின்றது. நகரில் போன்சாய் வளர்த்துப் பிழைத்தவர்கள் வடக்கே ஒமியா என்னுமிடத்துக்குப் பெயர்ந்து, 1925 இல் ஒரு கிராமத்தை அமைத்தனர். அங்கு குடியேற விதிகள் வகுத்தார்கள். ஆளுக்குப் பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும். தோட்டம் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக்கூடாது. மதில் கூடாது, உயிர்வேலியே வேண்டும். அகதிகளாகப் போனவர்கள் மதில் வேண்டாமென்று விதி எழுதினார்கள்! முப்பதுகளில் அங்கு முப்பதளவு தோட்டங்கள் இருந்தன. இன்று பத்துக்கும் குறைவு. 2010 இல் அங்கே போன்சாய்க்கென ஒரு நூதனசாலையும் திறக்கப்பட்டது.

இனி, நான் சொல்ல வந்த மரம்.

ஹிரோஷிமாவில் யமாக்கி என்ற குடும்பத்தார் போன்சாய்த் தோட்டம் வைத்திருந்தனர். 1625 முதல் சாடியில் வளர்ந்து வந்த வெண்பைன் ஒன்று அவர்களிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. குண்டு வெடித்த இடத்திலிருந்து தோட்டம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கிப் பறந்து உள்ளே இருந்தவர்களின் உடலைக் கிழித்தன. ஆனால் எல்லோரும் உயிர் தப்பினர். தோட்டத்தைச் சுற்றியிருந்த உயரமான மதிலின் மறைவில் பைனும் தப்பியது. (ஒமியாவின் விதியைப் புகழ்ந்த கையோடு இதை எழுத வேண்டியிருக்கிறது.)

சாடி மரத்துக்குக் கையளவு மண்தான் இருக்கிறது. கோடையில் ஒரு நாள் நீர் தவறினாலும் வாடிவிடும். அப்படியானால், எரிந்து கிடந்த அந்த நகரத்தில், ஓகஸ்ட் மாத வெயிலில், அதற்கு அடுத்தடுத்த நாட்களிலும் எவரோ நீர் வார்த்திருக்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்ட கைகளாகவும் அவை இருந்திருக்கலாம்.

1976 இல் ஐக்கிய அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக யப்பான் 53 போன்சாய் மரங்களை அன்பளிப்புச் செய்தது. அவற்றுள் ஒன்றாக இந்த வெண்பைனை மசாரு யமாக்கி கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்னும் செய்தி அன்பளிப்போடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. வோஷிங்டன் தேசிய மரத்தோட்டத்து ஊழியர்கள், இன்ன மரமென்று அறியாமலே கால் நூற்றாண்டு காலம் அதற்கு நீர் வார்த்தனர். 2001 மார்ச்சில் யமாக்கியின் பேரர்கள் இருவர் பாட்டனாரின் மரத்தைப் பார்க்க வந்து, பேச்சோடு பேச்சாகக் கதையைச் சொன்ன பின்னர்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

என் ஆலங்கன்றுக்கு இவ்வளவு பெருமை இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்க்கு ஆலைப் போலப் பொறுமையான மரம் வேறில்லை. நமது வெப்பத்தில் ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பிழையாக வெட்டினாலும் மன்னித்து மறுபடி கிளைக்கும். அடியில் துளையுள்ள சாடி, நீர் தேங்காதபடி அரித்தெடுத்த செங்கற்பொடியும் பருமணலும், ஒரு கூரான கத்தரிக்கோல், இவை போதும். நாளுக்கு இத்தனை கரண்டி நீர் என்று கணக்கு வைப்பதுதான் நான் முன்பு செய்த பிழை. ஓர் ஈர்க்கை மண்ணில் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரமாக வந்தால் விட்டுவிடலாம். காய்ந்து வந்தால், அடித்துளையால் வழியும்வரை வார்க்க வேண்டும்.

சென்ற மாதம் மூன்று நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைத்து, ஈர்க்குக் குத்திப் பார்க்கும் விதத்தைக் காட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது மண் ஈரமாக இருந்தது. சாடியின் ஓரத்திலே மூன்று ஈர்க்குகள் வரிசையாகக் கிடந்தன. நாளுக்கு ஒன்றாக, எனக்குக் கணக்குக் காட்ட வைத்திருக்கிறான்.