நெருக்கடியில் தவிப்பவரைக் கையாள்வது எப்படி? புதிய காவலர்களுக்கான பயிற்சியும் சட்டமும்

நள்ளிரவில் ரயில் நிலைய வாசலில் ஒருவர் தனக்குத்தானே உரக்கப் பேசியபடி, போவோர் வருவோரை விரட்டுகிறார். 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு செல்கிறது. முதலில் அங்கு வந்து சேர்பவர் மருத்துவர் அல்லர், காவலர். அவர் அண்மையில் பயிற்சி முடித்தவராகவும் இருக்கலாம். அந்த மனிதர் மருத்துவமனைக்குச் செல்வாரா, லாக்கப்புக்குச் செல்வாரா என்பது அடுத்த சில நிமிடங்களில் காவலர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே அமைகிறது.

சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. 2018 மே 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, இத்தகையோரைப் பாதுகாப்பில் எடுப்பதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமையாக்குகிறது. எதற்காக அழைத்துச் செல்கிறோம் என்பதை அவருக்கு விளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. முந்தைய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டிய இடம் நீதித்துறை நடுவர் மன்றமாக இருந்தது. இப்போது அது மருத்துவமனை. பழைய நடைமுறையில் ஊறிய மூத்தவர்களிடம் பணி கற்கும் புதிய காவலருக்கு இந்த மாற்றத்தை முதலிலேயே சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

தற்கொலை முயற்சி விவகாரத்திலும் குழப்பம் ஏற்பட வாய்ப்புண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலன்றி தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவுக்கு இடமில்லை. எனினும் அரசு ஊழியரைப் பணிய வைக்கும் அல்லது கடமையாற்றவிடாமல் தடுக்கும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வதை அதன் 226-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. அலுவலக வாசலில் மனுவுடன் வந்து உயிரை மாய்க்க முயலும் ஒருவரைக் காணும் காவலருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அங்கும் முதல் வேலை உயிரைக் காப்பதே, வழக்கு பின்னர்தான்.

காவல் அதிகாரிகளுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிப்பதை அதே சட்டத்தின் 30-ஆவது பிரிவு அரசின் பொறுப்பாக்குகிறது. ஆனால் காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. மத்திய உள்துறையின் கீழ் 1970-இல் தொடங்கப்பட்ட காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் பாடத்திட்ட மாதிரிகளை வகுத்தாலும், எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்பது மாநிலப் பயிற்சிப் பள்ளிகளின் கையில் இருக்கிறது. அணிவகுப்பு, சட்டப் பாடம், ஆயுதப் பயிற்சி ஆகியவற்றுக்கு இடையே இதை ஒரே ஒரு விரிவுரையாகச் சுருக்கிவிடுவது எளிது. ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988-இல் உருவான நெருக்கடித் தலையீட்டுக் குழு முறையில் பயிற்சிக் காலம் 40 மணி நேரம்.

களத்தில் கற்க வேண்டியவை எளியவைபோலத் தோன்றும். சைரனை நிறுத்த வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். ஒருவர் மட்டும், தணிந்த குரலில், பெயர் கேட்டுப் பேச வேண்டும். சுற்றி வளைக்காமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அவருக்குக் கேட்கும் குரல்கள் பொய் என்று வாதிடவும் கூடாது, உண்மை என ஆமோதிக்கவும் கூடாது. லத்தியை ஓங்கினால் அச்சம் கூடுமேயன்றி அடங்காது. உடனே பணிய வைக்கவே பழகிய கைகளுக்கு, பொறுத்திருப்பது கடினமான பயிற்சி. பாத்திரமேற்று நடித்துப் பார்க்காமல் இது கைவராது.

தள்ளாடுபவர் எல்லாம் குடித்தவர் அல்லர் என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும், தலையில் அடிபட்டாலும் பேச்சு குழறும். நாள்தோறும் குடிப்பவர் காவலில் இருக்கும்போது குடி நின்ற இரண்டு, மூன்று நாட்களில் நடுக்கமும் பிதற்றலும் ஏற்பட்டால், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரவில் மனநல மருத்துவர் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 94-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை அளிக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் உதவி எண் 14416-இல் பொதுமக்களும் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

மருத்துவமனையில் சேர்த்ததோடு காவல் நிலையத்தின் பணி முடிவதில்லை. வீடற்றவராகவோ சுற்றித் திரிபவராகவோ இருந்தால், காணாமல் போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தினரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் இருக்குமிடத்தைத் தெரிவிப்பதும் நிலைய அதிகாரியின் கடமை.