பரமேச்சுர விண்ணகரம்: பெயரும் அமைப்பும்

கச்சியில் வைகுண்டப் பெருமாள் ஸந்நிதி என வழங்கும் திவ்யதேசத்திற்கு அருளிச்செயலில் அமைந்த திருநாமம் பரமேச்சுர விண்ணகரம். திருமால் கோயிலுக்கு இப்பெயர் எங்ஙனம் வாய்த்தது என ஐயுறுவார் உண்டு. அவ்வையத்தைக் கோயிற்சுவரே தீர்க்கிறது.

திருச்சுற்று மாளிகையில் பல்லவ வம்ச வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேச்சுரவர்மனுக்குப்பின் அரசுரிமை தடுமாறியபோது, இரணியவர்மன் மகனாகிய 12 வயதுப் பல்லவமல்லன் அழைத்துவரப்பெற்று நந்திவர்மனாக முடிசூடிய செய்தி ஆங்குக் காணப்படுகிறது. அபிஷேகத்திற்கு முன் அவனுக்கு வழங்கிய பெயர் பரமேச்சுரன். கோயிற்பெயர் அதனடியாகப் பிறந்ததெனக் கொள்வதே பொருந்தும்.

விமானம் மூன்று நிலைகளாலானது. எம்பெருமான் கீழ்நிலையில் வீற்றிருந்தும், இடைநிலையில் பள்ளிகொண்டும், மேல்நிலையில் நின்றும் ஸேவை ஸாதிக்கிறான். ஒரே விமானத்துள் மூன்று திருக்கோலங்களும் அமைந்தமை இத்தலத்தின் சிறப்புகளுள் ஒன்று.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி 2ஆம் பத்தின் 9ஆம் திருமொழியில் இத்தலத்தை மங்களாசாசனம் செய்கையில் பல்லவனுடைய வெற்றிகளையும் சேர்த்தருளினார். ஆதலின் கல்லும் பாசுரமும் ஒன்றற்கொன்று சாட்சியாகின்றன. ஆழ்வார் காலத்தை ஆராய்வார்க்கும் இதுவே உறுதியான பிடி.

மணற்கல்லாதலின் சிற்பங்கள் பல தேய்ந்துவிட்டன. பாசுரம் ஓதுவார் நாவில் நிற்கும், கல்லோ நில்லாது. அது முற்றும் மங்குமுன் இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்பது நம் கடனாகும்.