தமிழ்ச் சரப் பகுப்பி: உத்திரமேரூர்க் கல்வெட்டும் கணினி வகுப்பும்

தமிழ்ச் சரப் பகுப்பி என்பது கணினியில் உள்ள தமிழ் உரைத்தொடரை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் நிரல் பகுதி ஆகும். கணினியியலில் உரைத்தொடர் 'சரம்' எனப்படுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இப்பகுதியை ஒரு சிறிய 'வகுப்பாக' எழுதுவர். எழுத்துத் தொடரைப் பிரித்துப் படிக்கும் தேவை கணினிக்கு முற்பட்டது. கல்வெட்டுப் படிப்பில் அது முதல் வேலையாக இருந்துவருகிறது.

கல்வெட்டில் பகுப்பு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. இவற்றின் காலம் முறையே பொ.ஊ. 919, 921 ஆகும். அன்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட இவ்வூரின் சபை, வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்த முறையை இவை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்புவாரியாகக் கட்டப்பட்டன. குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்த ஓலையில் இருந்த பெயர் சபையில் உரக்கப் படிக்கப்பட்டது. இரண்டாம் கல்வெட்டின்படி, தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவர்கள்.

இக்காலத்துக் கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இருப்பதில்லை. மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வரும். எகர ஏகாரங்களைப் பிரித்துக் காட்டும் இரட்டைக் கொம்பு 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தோடு தொடர்புடையது. ஆகவே 'மெ' என்றோ 'மே' என்றோ, 'த' என்றோ 'த்' என்றோ முடிவு செய்வது படிப்பவரின் பொறுப்பாகிறது. முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைப் பார்த்தே அவர் அம்முடிவுக்கு வருகிறார்.

வகுப்பு என்னும் கருத்து

தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் ஒரே அலகில் வைக்கும் 'வகுப்பு', நார்வே நாட்டின் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் இடம்பெற்றது. 1970களில் சுமால்டாக் மொழி இக்கருத்தை விரிவாக்கியது. பின்னர் சி++, பைத்தான், சாவா ஆகிய மொழிகள் வழியாக இது பரவலாயிற்று. 2001 ஆம் ஆண்டுக்கான தூரிங் விருது டாலுக்கும் நைகார்டுக்கும் வழங்கப்பட்டது.

ஒருங்குறியில் தமிழ்

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண் என்பதால் சரத்தைப் பிரிப்பது எளிது. தமிழில் அப்படியன்று. 1991 இல் வெளியான ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, 1988 ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கியைத் தழுவியது. அதில் உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. 247 எழுத்துகளுக்கும் தனி எண்கள் இல்லை. உயிர்மெய்களுக்கும் மெய்களுக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்னும் குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. இணையத்தில் நிலைபெற்றது ஒருங்குறியே.

'உத்திரமேரூர்' என்னும் சொல்லில் உ, த், தி, ர, மே, ரூ, ர் என 7 எழுத்துகள் உள்ளன. பைத்தான் 3 இல் இச்சரத்தின் நீளத்தைக் கேட்டால் 12 என விடை வரும். சரத்தை அப்படியே தலைகீழாக்கினால், கடைசிப் புள்ளி எந்த மெய்யோடும் சேராமல் முதலில் வந்து நிற்கும்.

வகுப்பின் அமைப்பு

எளிய பகுப்பி வகுப்பு ஒன்றுக்கு இரண்டு தரவுகள் போதும்: உள்ளிடப்பட்ட சரம், இப்போது படிக்கும் இடம். 'அடுத்த எழுத்து' என்னும் செயற்கூறு பின்வருமாறு இயங்கும்.

1. படித்த குறி உயிர் அல்லது ஆய்தம் எனில் அதுவே முழு எழுத்து.
2. அது அகரமேறிய மெய் எனில் அடுத்த குறியைப் பார்க்க வேண்டும். அடுத்தது உயிர்க்குறி அல்லது புள்ளி எனில் இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டும்.
3. அடுத்தது வேறு குறி எனில், அல்லது சரம் முடிந்துவிட்டால், படித்தது அகர உயிர்மெய்.
4. இடைவெளி, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றைத் தனியே விட வேண்டும்.

'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளை ஓர் எழுத்தாகக் கொள்வதானால் தனி விதி தேவை. மேலும் 'தோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். எனவே பகுப்புக்கு முன் சரத்தை ஒரே வடிவுக்கு மாற்றும் சீராக்கம் அவசியம். இவ்வேலைகளுக்கு உதவும் திறமூல நிரலகங்களுள் பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் ஒன்று.

முக்கியத்துவம்

கல்வெட்டுப் பாடங்கள் இன்று கணினியில் ஏற்றப்படுகின்றன. சீராக்கம் செய்யாத தொகுப்பில் 'தோட்ட வாரியம்' என்று தேடினால், சொல் இருந்தும் இல்லை என்ற விடை வரக்கூடும். அதை நம்பும் மாணவர் ஒரு சான்றையே இழந்துவிடுவார். அகரவரிசை, சொல்லடைவு, எழுத்துப்பிழை திருத்தி, யாப்புச் சோதனை ஆகியவற்றுக்கும் சரியான எழுத்துப் பகுப்பே அடிப்படை.

எனினும் பகுப்பி, தனக்குத் தரப்பட்ட குறிகளை மட்டுமே பிரிக்கிறது. கல்லில் இல்லாத புள்ளியை அச்சுப் பாடத்தில் இட்டவர் பதிப்பாசிரியர். அவர் எந்த இடத்தில் புள்ளி சேர்த்தார் என்பதைப் பாடத்தோடு குறித்துவைத்தால்தான், பின்னால் வரும் ஆய்வாளர் அம்முடிவைக் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.