விருந்தாளிகளும் கூலிகளும்: ஒரு தாய்லாந்துப் பயணத் திட்டம்

வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறார். பயண ஏற்பாட்டாளர் தந்த வழவழத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். பாங்காக் இரண்டு நாள், பட்டாயா கடற்கரை இரண்டு நாள், 'பண்பாட்டு நிகழ்ச்சி', தாய் உணவு, விருப்பமிருந்தால் க்வாய் ஆற்றுப் பாலம். "நீ தமிழ் எம்.ஏ. படிச்சவன்லா, அங்க நம்ம சம்பந்தப்பட்டது என்ன இருக்குன்னு சொல்லு, சேத்துக்கிடுவோம்" என்றார்.

இப்படிக் கேட்டால் ஒப்பிக்க நம்மிடம் ஒரு பட்டியல் எப்போதும் தயார். பாங்காக்கில் ராட்சத ஊஞ்சல் இருக்கிறது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனாலும், அதையொட்டிய திரியம்பாவை-திரிபாவைச் சடங்கில் அரண்மனைப் புரோகிதர்கள் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள், பொருள் தெரியாமலே. (நம் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்.) கடற்கரைதான் வேண்டுமென்றால் மேற்குக் கரையில் தகுவாபா. மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் அவனிநாரணம் என்று ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் முதலானோர் காவலில் விட்ட செய்தியைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். சீலோம் தெருவில் மாரியம்மன் கோயில். தாய் மக்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். தின்கிற கேக் அல்ல. 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அதே சொல்தான்.

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அரசன், வணிகன், புரோகிதன். நாம் கட்டியெழுப்பி வைத்திருக்கிற 'கடல் கடந்த தமிழன்' என்னும் பெருமிதக் கதையாடலுக்குள் இந்த மூன்று பேருக்குமேல் ஆள் நுழைய இடமில்லை. தாய் மொழியில் 'குலி' என்றும் ஒரு சொல் இருக்கிறது. நம்முடைய 'கூலி' போன வழி வேறு.

தாளில் கடைசி வரியாக, விருப்பமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிடந்த பாலத்துக்கு வருவோம். 1942இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். மலாயாவில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினி கிடந்த நேரம். நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்து ஏற்றினார்கள். சரக்குப் பெட்டிகளில் பான்போங் வரை; பிறகு காட்டுக்குள் நடை. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்கள். உணவு என்றால் புழுத்த அரிசியும் கருவாடும். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தங்கள் படையின் மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். செத்தவர் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்து ஆள்களுக்கு இரண்டும் இல்லை. அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவை 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். ஒன்று கணக்கு, மற்றது மதிப்பீடு.

காஞ்சனாபுரியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், நேச நாட்டுக் கைதிகளுக்கு. உலகம் பாலத்தை அறிந்தது 1957இல் வந்த ஆங்கிலப் படத்தால். அதைப் படம்பிடித்தது இலங்கையின் கித்துல்கலையில். சயாமில் செத்த தமிழனும் அந்தக் கதையில் இல்லை, மலையகத்துத் தமிழனும் இல்லை. சுற்றுலா விற்பது பாதையை அல்ல, படத்தை.

மலேசியத் தமிழர்கள் மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என இரண்டு நாவல்களை இங்கே எத்தனை பேர் படித்திருப்போம்? காஞ்சனாபுரியில் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த விகாரையில் தொழிலாளர் எலும்புகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கென்று அங்கே நடுகல் எழுந்தது 2023இல்தான். எண்பது வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் பேட்டையிலிருந்து சந்திப்புக்குப் போக நாங்கள் தாண்டுகிற தாமிரபரணிப் பாலம் 1843இல் திறந்தது. சரியாக நூறு வருஷம் முந்தி. காசு கொடுத்த சுலோசன முதலியார் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கல் சுமந்தவன் பெயரை நானும் இதுவரை கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஊஞ்சலும் மாரியம்மனும். அப்புறம் காஞ்சனாபுரிக்கு ஒரு முழு நாள். பாலத்தில் நின்று படம் எடுப்பதற்கு முன்னால் விகாரைக்குப் போய்விட்டு வரவேண்டும். தகுவாபாப் பக்கத்துக் கடற்கரையில் பிள்ளைகள் குளிக்கட்டும், தப்பில்லை. சாப்பாட்டுக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி போதாது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையள கூட்டிட்டுப் போறோம், சாவு நடந்த எடத்துல ஒரு நாளா?" என்றார். பிறகு அவரே, "பட்டாயால ஒரு நாளக் கொறைக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கேன். வீட்டுல என்ன சொல்லுதாளோ" என்று தாளை மடித்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்தார்.