சதுரங்கக் கட்டங்களில் ஓர் எண்

சதுரங்கத்தை அமைத்தவராகச் சொல்லப்படும் ஸிஸ்ஸா எனும் இந்திய அறிஞர், மன்னரிடம் கேட்ட பரிசு கோதுமை மணிகளே. முதற்கட்டத்திற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தர வேண்டும் என்றார். அற்பமான வேண்டுகோள் என்று மன்னர் கருதினார். கணக்கிட்டபோதோ அரசின் களஞ்சியங்கள் போதவில்லை. நாம் பலமுறை கேட்டு வியந்த கதைதான் இது. ஆனால், நம் முன்னோர் வியப்போடு நின்றுவிடவில்லை.

இக்கதையை 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் பதிவு செய்த இப்னு கல்லிகான் (1211–1282), கூட்டுத்தொகை அவ்வளவு பெரிதாகுமா என்று முதலில் ஐயுற்றதை மறைக்கவில்லை. அலெக்ஸாந்திரியாவின் கணக்காளர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டிய பிறகே அவர் ஐயம் தீர்ந்தது. 16ஆம் கட்டத்தின் 32,768 மணிகளைக் கணக்காளர் 'கதஹ்' எனும் ஓர் அளவையாகக் கொண்டார். மேலும் இரட்டித்துச் செல்ல, 40ஆம் கட்டம் ஒரு களஞ்சியமாகவும், 50ஆம் கட்டம் 1,024 களஞ்சியங்கள் கொண்ட ஒரு நகரமாகவும் ஆயின. 64ஆம் கட்டத்திற்கோ அத்தகைய 16,384 நகரங்கள் தேவைப்பட்டன!

அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்பீரூனி (973–1048) 'அல்ஆஸாருல் பாகியா'வில் இதற்கு எளிய வழி கண்டிருந்தார். ஒரு கட்டத்தின் எண்ணில் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும். ஆகவே 65ஆவதாக ஒரு கட்டம் இருப்பதாகக் கொண்டு, அதன் எண்ணை அறிந்தாலே போதும். அதற்கு 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் கட்டத்தின் 16ஐ அதனாலேயே பெருக்கினால் ஒன்பதாம் கட்டத்தின் 256 வரும். இவ்வாறு தொடர்ந்து நான்கு முறை வர்க்கம் கண்டால் 65ஆம் கட்டத்தை அடைந்துவிடலாம். அதில் ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது 1,84,46,74,40,73,70,95,51,615.

இந்த இருபது இலக்க எண்ணுக்குள் மற்றொரு பாடமும் உண்டு. இது 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலன். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என 1640இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா கருதினார். ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபடுவதை 1732இல் ஆய்லர் கண்டறிந்தார், ஈவு 67,00,417. ஐந்து சான்றுகள் பொருந்தியதால் ஆறாவதும் பொருந்திவிடவில்லை.

இன்று நம் மேடைகளில் எண்களைக் கொண்டு வியப்பூட்டும் செய்திகள் பல சொல்லப்படுகின்றன. அவற்றைக் கூட்டிப் பார்ப்போர் சிலரே. பின்னர் ஒரு மாணவன் கூட்டிப் பார்த்துப் பிழை கண்டால், நம் சொல்லின் மீது அவன் கொண்ட நம்பிக்கையன்றோ குலைகிறது? ஐயத்தை ஒளிக்காமல், கணக்கறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்து, அதன் பின்னரே உறுதியாக எழுதினார் இப்னு கல்லிகான். தஹ்கீக் என்று நாம் ஓதிக்கொடுப்பது அதைத்தான்.