காரியதரிசியின் விசுவாசம்

உடன்படிக்கைகளின் வரலாற்றைப் படிக்கும்போது, கையொப்பமிட்ட தலைவர்களின் பெயர்களையே நாம் நினைவிற் கொள்கிறோம். வரைவுகளை எழுதி, குறிப்புகளைத் திரட்டி, மேசையின் ஓரத்தில் அமர்ந்திருந்த காரியதரிசிகளை மறந்துவிடுகிறோம். பேரத்தின் விலையை அவர்களும் செலுத்தியிருக்கின்றனர். அத்தகைய ஒருவரே எர்ஸ்கின் சில்டேர்ஸ்.

1921ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் இலண்டன் டவுனிங் வீதியில் அயர்லாந்துத் தூதுக்குழு பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தது. ஆதர் கிறிபித், மைக்கல் கொலின்ஸ், றொபேட் பாட்டன், டக்கன், கவன் டபி ஆகிய ஐவரே தூதர்கள். எதிரே பிரதமர் லொயிட் ஜோர்ஜும் சேர்ச்சிலும் பேர்கன்ஹெட்டும் இருந்தனர். அயர்லாந்துக் குழுவின் தலைமைக் காரியதரிசி சில்டேர்ஸ்.

இவர் பிறந்தது இலண்டனில். தாய் அயர்லாந்துக் குடும்பத்தவர். தந்தை றொபேட் சீசர் சில்டேர்ஸ், 1860களின் தொடக்கத்தில் இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றியவர். பின்னர் பாளி அகராதியைத் தொகுத்துப் புகழ் பெற்றவர். மகனோ பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுதுவினைஞராயிருந்தார்; போவர் யுத்தத்திற் சாம்ராச்சியத்துக்காகப் போரிட்டார். அதே மனிதர் 1914இல் தம் பாய்க்கப்பலில் அயர்லாந்துத் தொண்டர்களுக்குத் துப்பாக்கிகள் கொண்டுசென்றார். அடுத்து முதலாம் உலகப் போரிற் பிரித்தானியக் கடற்படையிற் சேவை செய்தார். 1919இல் அயர்லாந்து விடுதலை இயக்கத்தோடு முற்றாக இணைந்தார். இரு விசுவாசங்களுக்கிடையே நின்ற மனிதர், இறுதியில் ஒன்றைத் தாமே தெரிந்துகொண்டார்.

பேச்சுவார்த்தை தொடங்கி இரு வாரங்களுக்குள் பெருங்கூட்டங்கள் கைவிடப்பட்டன. ஒக்டோபர் 24 முதல் கிறிபித்தும் கொலின்சுமே பெரும்பாலும் ஆங்கில அமைச்சர்களைச் சிறு கூட்டங்களிற் சந்தித்தனர். சில்டேர்சை கிறிபித் நம்பவில்லை. காரியதரிசி கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். மறுபக்கத்தில் லொயிட் ஜோர்ஜின் உதவியாளர் தோமஸ் ஜோன்ஸ் இரு தரப்புக்குமிடையே இடையறாது நடந்தார். எல்லை ஆணைக்குழு பற்றிய குறிப்பொன்றுக்கு நவம்பரில் கிறிபித்தின் சம்மதத்தைப் பெற்றவர் அவரே. ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டவர். தாமும் ஒரு சிறு தேசத்தின் பிள்ளை. ஆனால் சாம்ராச்சியத்தின் பணியில் இருந்த அவரை, நீ எங்கே பிறந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி விடுதலையின் பணியாளனுக்கே காத்திருந்தது.

டிசம்பர் 5ஆம் நாள் லொயிட் ஜோர்ஜ் அக்குறிப்பை கிறிபித்தின் முன் நீட்டினார். அன்றிரவே கையொப்பமிடாவிடின் மூன்று நாட்களுக்குள் யுத்தம் என்றார். இறுதி வாசகத்தை டப்ளினுக்கு அனுப்பிய பின்னரே ஒப்பமிட வேண்டுமென்பது தூதர்களுக்கு இடப்பட்ட பணிப்பு. ஆயினும் 6ஆம் நாள் அதிகாலை ஐவரும் ஒப்பமிட்டனர். சில்டேர்சின் மைத்துனரான பாட்டன் இறுதிவரை தயங்கிய பின்னரே இணங்கினார். கிடைத்தது டொமினியன் அந்தஸ்து. அரசருக்கு விசுவாசப் பிரமாணமும் அதனுடன் வந்தது. 1948 முதல் 1972 வரை டொமினியனாக இருந்த நாட்டினராகிய நமக்கு அச்சொற்கள் அந்நியமானவையல்ல.

1922 ஜனவரி 7ஆம் நாள் அயர்லாந்துச் சபை 64க்கு 57 என்ற வாக்குகளால் உடன்படிக்கையை ஏற்றது. எதிர்த்து நின்ற சில்டேர்ஸ் கேள்வி எழுப்பியபோது, இச்சபையில் எந்த ஆங்கிலேயனுக்கும் தான் மறுமொழி கூறப்போவதில்லை என்று சீறினார் கிறிபித். ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓகஸ்டில் கிறிபித் நோயால் இறந்தார். பத்து நாட்களின் பின் கொலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் பாட்டனின் இல்லத்திற் சில்டேர்ஸ் கைதானார். அவரிடமிருந்த சிறு கைத்துப்பாக்கி, முன்னர் கொலின்ஸ் அளித்த அன்பளிப்பு. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக, மேன்முறையீடு முடியுமுன்னரே, நவம்பர் 24ஆம் நாள் அவரைச் சுட்டனர். சுடவந்த படையினர் ஒவ்வொருவரோடும் அவர் கைகுலுக்கினார். தம் மரண ஓலையில் ஒப்பமிட்டோரின் கைகளையும் பற்றவேண்டுமென மகனைக் கேட்டுக்கொண்டார். அம்மகன் 1973இல் அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.

சில்டேர்சை நாம் பிழையற்றவராக்க வேண்டியதில்லை. சபையின் விவாதம் பிரமாணத்தைச் சுற்றியே சுழன்றது. வடக்கின் ஆறு கவுண்டிகள் பிரிக்கப்பட்டது பற்றி இரு பகுதியினரும் குறைவாகவே பேசினர். கிறிபித் நம்பிய எல்லை ஆணைக்குழு 1925இற் பயனின்றிச் சிதைந்தது. தொழிலாளியின் கூலியும் உழவனின் நிலமும் அம்மேசைக்கு வரவேயில்லை.

ஆயினும் நாம் கற்கவேண்டியதொன்றுண்டு. ஆட்சியாளன் மிரட்டுவது அவன் இயல்பு. அம்மிரட்டலை மக்கள் முன் வைக்காது, சொந்தக் காரியதரிசியிடமும் மறைத்து, மூடிய அறையில் எதிர்கொண்டதே அயர்லாந்துத் தலைவர்களைப் பலவீனப்படுத்தியது. மேசையில் விதைத்த சந்தேகம் பதினொரு மாதத்தின் பின் கொலைக்களத்தில் விளைந்தது. ஒரு மனிதனின் விசுவாசத்தை அவன் பிறப்பைக் கொண்டு அளக்கும் இயக்கம், தன் உண்மையான பகைவனை இனங்காணும் ஆற்றலை இழந்துவிடுகிறது.