விலங்குக் கொடுமையும் புறக்கணிப்பும்: குற்றவாளி யார் என்னும் வினா

முன்னுரை

விலங்குவதை பற்றிய பொதுப் பேச்சில் முதன்மை இடம் பெறுவது, வேண்டுமென்றே ஓர் உயிரைத் துன்புறுத்தி அதில் நிறைவு காணும் தனிமனிதரின் உருவமே. நாயை அடித்துக் கொன்றவர் செய்தியாகிறார். தண்ணீர்த் தொட்டி வற்றிய கொட்டிலில் வாரக்கணக்கில் மெலிந்து சாகும் மாடு செய்தியாவதில்லை. ஊடகத்தில் தொடங்கும் இந்த ஏற்றத்தாழ்வு ஆய்வுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் புகுந்து, விலங்குகளுக்கு உண்மையில் நேரும் துன்பத்தின் பெரும்பகுதியைப் பார்வைக்கு அப்பால் தள்ளியிருக்கிறது. விலங்குக் கொடுமை ஒரே வகையினரின் ஒரே குற்றமன்று என்பதும், வகைக்கு வகை அதைச் செய்வோரும் காரணமும் மாறுகின்றன என்பதும், தொழில்வழி நிகழும் கொடுமையில் கடைசியாக விலங்கைத் தொட்ட கையை மட்டும் தண்டிப்பது நீதியாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொடுமையின் வகைகள்

அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 2016 முதல் விலங்குக் கொடுமையைத் தனிக் குற்றமாகப் பதிவு செய்து வருகிறது. அப்பதிவு புறக்கணிப்பு, வேண்டுமென்றே செய்யும் வதை, விலங்குச் சண்டை போன்ற திட்டமிட்ட கொடுமை, பாலியல் கொடுமை என நான்காகப் பகுக்கப்பட்டுள்ளது. இவற்றுள் புறக்கணிப்பு என்பது, ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குரிய உணவையோ நீரையோ நிழலையோ மருத்துவத்தையோ கொடுக்காமல் விடுவது. இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) இவ்வாறு பகுக்காவிட்டாலும், அதன் 11ஆம் பிரிவில் அடித்தல், மிகைச்சுமை ஏற்றுதல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், துன்பம் தரும் வகையில் ஏற்றிச் செல்லுதல், உணவும் நீரும் மறுத்தல், கைவிடுதல் ஆகியன ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஆகவே செய்யும் குற்றமும் செய்யாமல் விடும் குற்றமும் சட்டத்தின் சொற்களில் ஒரே வரிசையில் உள்ளன. அவற்றுக்குக் கிடைக்கும் கவனம்தான் ஒன்றாக இல்லை.

செய்வோர் யார்: ஆய்வுகள் காட்டுவன

மனநல மருத்துவர் ஜான் மெக்டொனால்டு 1963இல், பிறரைக் கொல்லப்போவதாக மிரட்டியவர்களின் இளமைக்கால நடத்தையில் விலங்கு வதையையும் ஓர் அறிகுறியாகச் சுட்டிய பிறகு, விலங்கில் தொடங்கும் வன்முறை படிப்படியாக மனிதரை நோக்கி வளரும் என்னும் கருதுகோள் வேரூன்றியது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 1987இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், சிறார் நடத்தைக் கோளாற்றின் அறிகுறிகளுள் விலங்கு வதையும் சேர்க்கப்பட்டது.

இக்கருதுகோளைச் சோதித்த ஆய்வுகளுள் முதன்மையானது அர்னால்டு ஆர்லுக்கும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்கு வதைக்காக வழக்குக்குள்ளான 153 பேரின் குற்றப் பதிவுகளை, அவர்களுக்கு அருகில் வாழ்ந்த, வயதிலும் பாலிலும் ஒத்த 153 பேரின் பதிவுகளோடு அவர்கள் ஒப்பிட்டனர். வதை செய்தோர் பிற குற்றங்களிலும் ஈடுபட்டிருக்கும் வாய்ப்பு மிகக் கூடுதல் என்பது உறுதியானது. ஆனால் விலங்கு வதை முதலிலும் மனிதர் மீதான வன்முறை பின்னரும் வரும் என்ற வரிசை உறுதியாகவில்லை. வதை மற்றக் குற்றங்களுக்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. எனவே அது சமூக ஒழுங்கை மீறும் பொதுப் போக்கின் ஒரு பகுதி என்றே அவர்கள் விளக்கினர்.

இங்கே முறையியல் சார்ந்த ஒரு செய்தியைக் கருத வேண்டும். அந்த 153 பேரும் வேண்டுமென்றே உடல்வதை செய்ததாக வழக்குத் தொடரப்பட்டவர்கள். விலங்கைப் பட்டினி போட்டவர்கள் அத்தொகுப்பில் இல்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இத்தொகுப்பிலிருந்து வரையப்படும் குற்றவாளியின் உருவம் ஒரு வகைக்கு மட்டும் பொருந்துவது. அதை விலங்குக் கொடுமை முழுவதற்கும் உரியதாக்குவது பிழை.

வகை மாறினால் செய்வோரும் எப்படி மாறுகின்றனர் என்பதை, பேண முடியாத எண்ணிக்கையில் விலங்குகளைச் சேர்த்து வைப்போர் பற்றி கேரி பாட்ரோனெக் அதே 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அவர் ஆராய்ந்த 54 நேர்வுகளில் 76 விழுக்காட்டினர் பெண்கள்; 46 விழுக்காட்டினர் அறுபது வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்; பலர் தனியே வாழ்ந்தவர்கள். பெரும்பாலான வீடுகளில் இறந்த அல்லது நோயுற்ற விலங்குகள் காணப்பட்டும், தம் வீட்டின் நிலை கேடானது என்பதைப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இவர்கள் விலங்கை வெறுத்தவர்கள் அல்லர். காப்பாற்றுவதாக நம்பியே அழித்தவர்கள். இளம் ஆணின் வன்முறையை விளக்கும் கோட்பாடு மூதாட்டியின் வீட்டில் பசியால் செத்த நாற்பது பூனைகளை விளக்காது. அங்கே சிறைத் தண்டனையைவிட மனநல உதவியும் தொடர்ந்த கண்காணிப்புமே பயன் தரும்.

தொழில்வழிக் கொடுமை

மேற்கண்ட இரு வகைகளும் தனிமனிதரின் மனத்தோடு தொடர்புடையவை. பிழைப்புக்காக விலங்கைப் பயன்படுத்தும்போது வழக்கமாகவே நிகழும் கொடுமை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்கு வெறுப்போ நோயோ தேவையில்லை. கூலிக் கணக்கு போதும்.

1861இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் முதல், குடியேற்றக் காலச் சட்டங்களின் பிடியில் பெரிதும் சிக்கியவர்கள் தெருவில் எளிதில் கண்ணுக்குப்படும் வண்டிக்காரர்களே. வெயில் காலத்தில் நண்பகல் நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்னும் தடையை எதிர்த்து 1930 ஏப்ரலில் கல்கத்தா வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தடையின் நோக்கம் சரியானது. வெயிலில் மிகைபாரம் இழுத்த எருமையின் துன்பம் உண்மையானது. ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவருக்கு அத்தடை வருவாயின் ஒரு பகுதியைப் பறித்தது. சரக்கை ஏற்றி அனுப்பிய வணிகருக்கோ அதனால் பெரிய இழப்பில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1965ஆம் ஆண்டின் விதிகளும், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை இழுவை விலங்கை வேலை வாங்குவதையும், முள் பதித்த கோலால் ஓட்டுவதையும் தடுக்கின்றன. தார்க்குச்சியைப் பிடித்திருப்பவர் இவ்விதிக்குள் உடனே அகப்படுகிறார்; அவரை விரைந்து ஓட்டச் செய்தவர் அகப்படுவதில்லை.

இன்றைய மாட்டு லாரி இதையே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பொள்ளாச்சி போன்ற சந்தைகளிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் மாடு, கறவை வற்றியதும் தீவனச் செலவு தாங்காமல் விற்கும் உழவரிடமிருந்து தரகருக்கும், அவரிடமிருந்து வியாபாரிக்கும், பிறகு லாரிக்கும் கை மாறுகிறது. 2015ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் ஐந்து மாடுகளே நிற்கலாம். ஆனால் டீசல் செலவும் ஓட்டுநர் கூலியும் ஐந்துக்கும் இருபதுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஏற்றப்படும் ஒவ்வொரு கூடுதல் மாடும் வாடகையைப் பங்கிட்டுக் குறைக்கிறது. மூக்கணாங்கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டுவதும், படுத்துவிட்ட மாட்டை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. நெரிசலில் ஒரு மாடு படுத்தால் மற்றவை அதை மிதித்துக் கொன்றுவிடும், செத்த மாட்டுக்கு விலையில்லை. சோதனைச் சாவடியில் பிடிபடுபவர்கள் ஓட்டுநரும் கிளீனரும். ஏற்றச் சொன்னவரின் பெயர் பல நேரங்களில் வழக்கில் இடம்பெறுவதே இல்லை.

மிளகாய் தேய்த்த கை இதனால் குற்றமற்றதாகிவிடாது. மறுக்க வாய்ப்பிருந்தும் மறுக்காதவர் அவ்வளவுக்குப் பொறுப்பாளிதான். எனினும் பொறுப்பை முடிவெடுக்கும் அதிகாரத்தின் அளவுக்கும் அடையும் ஆதாயத்தின் அளவுக்கும் ஏற்பப் பகிர்வதே முறை.

சட்டத்தின் பார்வை

1960ஆம் ஆண்டின் சட்டம், மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் தனிநபர் மசோதா முயற்சியிலிருந்து உருவானது. அதன்வழி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு முதற்குற்றத்துக்கு விதிக்கும் தண்டம் பத்து முதல் ஐம்பது ரூபாய் மட்டுமே. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒரு மாட்டின் லாரி வாடகையைவிடச் சிறிய தண்டத் தொகை தொழிற்செலவில் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது.

அதனினும் ஆழமான குறை 31ஆம் பிரிவில் உள்ளது. பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்யத்தக்கவையாக அப்பிரிவு ஏற்பவை கொடூரமாகக் கொல்லுதல், உறுப்பைச் சிதைத்தல், விலங்குச் சண்டை நடத்துதல் போன்ற சிலவே. பட்டினி போடுதலும் கைவிடுதலும் மிகைபாரமும் அதற்குள் வருவதில்லை. வழக்கை மூன்று மாதத்துக்குள் தொடர வேண்டும் என்னும் 36ஆம் பிரிவும், நாளடைவில் மட்டுமே புலப்படும் புறக்கணிப்புக்குத் தப்பும் வழியாகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கின் விலையைப் பொருட்படுத்தாமல் ஐந்தாண்டு வரை சிறை விதிப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதுவும் கொல்லுதல், ஊனப்படுத்துதல் ஆகியவற்றையே நோக்குகிறது.

இந்நிலையில் 11ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனிக் கவனத்துக்குரியது. விலங்கின் உரிமையாளர் கொடுமையைத் தடுப்பதற்கு உரிய கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறினால், அவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார் என்று அது கூறுகிறது. கடைசிக் கையிலிருந்து முதல் முடிவை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதே இதன் பொருள்.

முடிவுரை

விலங்குக் கொடுமையைச் செய்பவர் யார் என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. வன்முறையாளரும், தனிமையில் நிலை தவறியவரும், கூலிக்காக ஓட்டுபவரும், ஆதாயத்துக்காக ஓட்டச் சொல்பவரும் அந்த வினாவுக்குள் அடங்குவர். ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்கு உதவாது. புறக்கணிப்பைத் தனி வகையாகப் பதிவு செய்தல், தண்டத்தை ஆதாயத்தை விஞ்சும் அளவுக்கு உயர்த்துதல், தீவனத்துக்கு வழியற்ற உழவருக்குத் தண்டனைக்கு முன் உதவி அளித்தல், மாட்டு லாரி வழக்குகளில் 11(2)இன்படி மாட்டின் உரிமையாளரையும் கட்டாயமாகச் சேர்த்தல் ஆகியவை உடனே செய்யத்தக்கவை. கொடூர மனிதரைத் தேடிக் கண்டு வெறுப்பதோடு கடமை முடிந்ததாக ஒரு சமூகம் எண்ணும் வரையில், வெறுப்பே இல்லாமல் வதைபடும் விலங்குகளின் துன்பம் அப்படியே தொடரும்.